இலைமறை காயாய் வாழ்ந்த மருத்துவ மேதை
டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ் (1895 – 1948)



யூபிலி என்றால் நன்றி கூறும் காலம். ஆலயம் எழும்பக் கல் சுமந்தவர்களையும், மணி வாங்கக் காசு கொடுத்தவர்களையும், மறைக்கல்வி கற்பித்தவர்களையும் நினைத்து நாம் நன்றி கூறுகிறோம். அவர்களுள் பலருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனாலும் அவர்கள் உழைப்பின் பலனை நாம் நாள்தோறும் அனுபவிக்கிறோம். அதுபோலவே, நம் வீடுகளில் ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு குழந்தையும் யாருடைய உழைப்பால் நலம் பெறுகிறார்களோ, அந்த மனிதர் ஒருவரின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. அவரைப் பற்றியே இந்தச் சிறு கட்டுரை.

நம் குரும்பலூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் ஒரு பெண் கருவுற்றால், அரசு சுகாதார நிலையத்தில் அவளுக்குச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலம் என்னும் சத்தும் கலந்திருக்கிறது. யானைக்கால் நோய் பரவும் ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து டி.இ.சி. மாத்திரை கொடுப்பதையும் நம்மவர்கள் அறிவர். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கும், மூட்டுவாதத்தால் விரல் மடக்க முடியாத பாட்டிக்கும் மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தை எழுதிக் கொடுக்கிறார். இம்மூன்று மருந்துகளின் பின்னாலும் நிற்பவர் ஒருவரே. அவர்தான் டாக்டர் சுப்பாராவ்.

வாழைப்பழம் விற்க ஓடிய சிறுவன்

1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகன்னாதம், தாய் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவர். தந்தை உடல்நலம் குன்றி வேலையை விட்டு நின்றுவிட, குடும்பத்தை வறுமை வாட்டியது.

சிறுவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும் பணக்காரனாகிவிடலாம் என்று எண்ணி, வீட்டை விட்டு ஓடினான். தாய் விடவில்லை, தேடிப் பிடித்து அழைத்து வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தாள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறினான். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறைதான் தேறினான். தேர்வில் தவறிய பிள்ளையைத் தறுதலை என்று திட்டும் பெற்றோர் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்கள் இந்தத் தாயின் பொறுமையைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக!

மாநிலக் கல்லூரியில் படித்தபோது சுப்பாராவின் உள்ளம் துறவறத்தை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாய் இணங்கவில்லை. துறவியாகாமலே நோயாளிகளுக்குத் தொண்டு செய்யலாமே என்று மடத்தாரும் வழிகாட்ட, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் செலவுக்கு உதவினார்கள். மூர்த்தியின் மகள் சேஷகிரியை சுப்பாராவ் மணந்தார்.

அது விடுதலைப் போராட்டக் காலம். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று சுப்பாராவ் கதராடை அணிந்தே அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்கும் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு? பிற தாள்களில் நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த பட்டமே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு வழி அடைபட்டது. ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

இரு சகோதரர்களின் மரணம்

இதற்கிடையில் அவர் குடும்பத்தில் இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்று மருத்துவர்கள் கூறும் கொடிய கழிச்சல் நோய்க்கு அவருடைய சகோதரர் இருவர் அடுத்தடுத்துச் சில நாட்களுக்குள் பலியானார்கள். அந்நோய் கண்டவர்களுக்கு உண்ட உணவு உடலில் ஒட்டாது, நாக்கு புண்ணாகும், இரத்தம் வற்றி உடல் எலும்புக்கூடாகும். பின்னர் சுப்பாராவையும் அதே நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அளித்த மருந்தால் அவர் பிழைத்தார். பிழைத்தவருக்கு ஒரு கேள்வி மட்டும் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்து நின்றது: இந்நோய் ஏன் வருகிறது? இதற்கு மருந்து என்ன?

விடை தேடி அவர் அமெரிக்கா செல்லத் துணிந்தார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகச் சொல்லி, கருவுற்றிருந்த இளம் மனைவியை விட்டுக் கப்பலேறினார். 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் பாஸ்டன் நகரில் இறங்கியபோது அவர் கையில் இருந்த பணம் மிகவும் சொற்பம். பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் படித்தார். இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை செய்து வயிற்றைக் கழுவினார். மருத்துவம் படித்த ஒருவர் கூச்சமின்றி இப்பணியைச் செய்தார் என்றால், பெரிய வியாழனன்று நம் குருவானவர் பாதம் கழுவும் சடங்கு நினைவுக்கு வரவில்லையா?

தசைக்குள் இருக்கும் விறகு

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்ற அறிஞரோடு அவர் ஆய்வில் இறங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் ஒரு முறையைக் கண்டு 1925-இல் வெளியிட்டார்கள். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே அது உலகெங்கும் பெயர் பெற்றது. 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளையும், 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவர்கள் கண்டறிந்து அறிவித்தார்கள். அதே 1929-இல் செருமானிய அறிஞர் கார்ல் லோமனும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நாம் வயலில் களை எடுக்கும்போதும், திருவிழாவில் சப்பரம் தூக்கும்போதும், கண் இமைக்கும்போதும் கூட உடலுக்கு ஆற்றல் வேண்டும். அடுப்புக்கு விறகு போல, உடலின் ஒவ்வொரு அணுவும் உடனடியாக எரித்துக்கொள்ளும் விறகு இந்த ஏ.டி.பி.தான். படைத்தவர் நம் உடலில் மறைத்து வைத்த இரகசியங்களுள் ஒன்று அன்று வெளிப்பட்டது.

1930-இல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆனால் நிலையான பேராசிரியர் பதவியை ஹார்வர்டு அவருக்குத் தரவில்லை. அவர் முணுமுணுக்கவில்லை. 1940-இல் லெடர்லே என்னும் மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவிலேயே அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

இலையில் இருந்த மருந்து

இங்கே நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1928-ஆம் ஆண்டு முதல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாயில் கருவுற்ற ஏழைத் தாய்மார்கள் இரத்தசோகையால் மடிவதன் காரணத்தை ஆராய்ந்தார். நம் தமிழகத்துக் குன்னூரிலும் சென்னையிலும் அவர் ஆய்வு நடத்தினார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தத் தாய்மார்கள் தேறுவதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்து எது என்பது மட்டும் புதிராகவே இருந்தது. 1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் அறிஞர்கள் ஏறத்தாழ நான்கு டன் பசலை வகைக் கீரையிலிருந்து மிகச் சிறிதளவு சத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் சூட்டினார்கள். ஃபோலியம் என்றால் இலத்தீன் மொழியில் இலை. பழைய இலத்தீன் பூசையில் பதில் சொல்லிப் பழகிய நம் முதியவர்களுக்கு அம்மொழி அந்நியமன்று.

டன் கணக்கில் கீரையை அரைத்து உலகுக்கு மருந்து கொடுக்க இயலுமா? சுப்பாராவின் தலைமையில் லெடர்லே குழுவினர் அந்தச் சத்தின் அமைப்பைக் கண்டு, 1945-இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டினார்கள். அடுத்த சில மாதங்களில், டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள்! தம் இரு சகோதரர்களையும் வாரிக்கொண்டு போன அந்த நோய்க்கு மருந்து சுப்பாராவின் கையாலேயே வந்தது. சகோதரர்களைக் காப்பாற்ற இயலவில்லை; ஆனால் முகம் அறியாத எத்தனையோ பேரின் சகோதரர்கள் பிழைத்தார்கள்.

தாயின் கருவில் குழந்தையின் முதுகுத்தண்டு சரிவர மூடாமல் போகும் குறையை இச்சத்து பெருமளவு தடுக்கும் என்பது 1991-இல் வெளியான ஆய்வால் உறுதியாயிற்று. ஆகவே, நம் தாய்மார்களே, சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையை வாங்கி அரிசிப் பானையில் போட்டு வைத்துவிடாதீர்கள். முருங்கைக்கீரையையும் பச்சைப்பயற்றையும் சமைக்கும்போது, வெந்த நீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள். சத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும்.

மேலும் மூன்று கொடைகள்

இச்சத்து இல்லாமல் உடலில் புதிய அணுக்கள் உண்டாவதில்லை. புற்றணுக்களோ அளவின்றிப் பெருகுபவை. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்கள் இரத்தப் புற்றை இன்னும் தூண்டுவதைக் கண்டார். அப்படியானால், அதைப் போலவே தோற்றமுள்ள போலிப் பொருளைக் கொடுத்துப் புற்றணுக்களை ஏமாற்றினால் என்ன? அத்தகைய பொருளைச் சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. அதன் பெயர் அமினோப்டெரின். 1948-இல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில், மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேர் தற்காலிகமாகத் தேறியதாகக் கூறினார். அதற்குமுன் அந்நோய் கண்ட குழந்தை சில வாரங்களில் இறப்பது உறுதி. அந்த மருந்தின் உடன்பிறப்பே இன்றும் வழக்கிலுள்ள மெத்தோட்ரெக்சேட்.

இரண்டாவது, யானைக்கால் மருந்து. பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்கப் படைவீரர்களிடையே அந்நோய் கண்டதால் மருந்து தேடும் வேலை விரைந்தது. 1947-இல் லெடர்லே கூடத்திலிருந்து டி.இ.சி. வெளிவந்தது. வீங்கிய காலை அது பழையபடி ஆக்காது. ஆனால் இரத்தத்தில் நீந்தும் புழுக்குஞ்சுகளை ஒழித்து, கொசு வழியாக நோய் அடுத்த வீட்டுக்குப் போவதைத் தடுக்கும். கும்பகோணம் வட்டாரத்தில் உறவுள்ள நம்மவர்க்கு இதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

மூன்றாவது, ஆரியோமைசின். எழுபது வயதைக் கடந்து ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கர் என்பவரைச் சுப்பாராவ் தம் கூடத்தில் ஏற்றுக்கொண்டார். அந்த முதியவர் ஒரு பிடி மண்ணிலிருந்து 1945-இல் இந்த நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்டெடுத்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் தலைப்பிள்ளை இதுவே. 1948-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது புகழ் டக்கருக்குச் சென்றது. சுப்பாராவ் அதையே விரும்பினார். புகைப்படக்காரர்களையும் பத்திரிகைக்காரர்களையும் அவர் நாடியதில்லை. தம்மோடு உழைத்த இளைஞர்களின் பெயர் முன்னே வரவேண்டும் என்பதே அவர் கொள்கை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று நாம் கேட்டுப் பழகியதை, அவர் வாழ்ந்து காட்டினார்.

காத்திருந்த ஓர் உள்ளம்

ஆனால் உண்மையை மறைக்கலாகாது. இந்த வெற்றிகளுக்கெல்லாம் விலை கொடுத்தவர் இன்னொருவரும் உண்டு. அவர் கப்பலேறிய பின் பிறந்த ஆண்குழந்தை ஓர் ஆண்டு நிறையும் முன்பே நோயால் இறந்தது. தந்தை மகனின் முகத்தைப் பார்க்கவேயில்லை. சில ஆண்டுகள் என்று சொன்னது இருபத்தைந்து ஆண்டுகளாகியும் அவர் தாயகம் திரும்பவில்லை. மனைவி சேஷகிரி கணவரை மீண்டும் காணவேயில்லை.

இதைச் சரி என்பதா, தவறு என்பதா? தீர்ப்பிடுவது நம் வேலையன்று. ஆனால் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றவர்களின் வீடுகளில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் பெண்களுக்கு அந்த அம்மையாரின் துயரம் புரியும். சுப்பாராவை நினைக்கும்போது அவரையும் சேர்த்து நினைப்பதே நியாயம்.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள், 8-ஆம் நாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் மறுநாள் கண் விழிக்கவில்லை. உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. வயது 53. இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தும் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை, இந்தியராகவே இறந்தார். நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. 1995-இல், அவர் பிறந்த நூற்றாண்டில், நம் அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

அவர் நம் மறையைச் சேர்ந்தவரல்லர். ஆனால் பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாக்கியது. அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சுமந்த நல்ல சமாரியனும் வேற்றினத்தானே! மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியை நம் ஆண்டவர் உவமையாகச் சொன்னார். சுப்பாராவ் அப்படியொரு மணி.

அடுத்த முறை நம் வீட்டு மகளோ மருமகளோ அந்தச் சிறு மாத்திரையை விழுங்கும்போது, பெயர் அறியப்படாத அந்த மனிதருக்காகவும், அவருக்காகக் காத்திருந்த அம்மையாருக்காகவும் ஒரு நொடி செபிப்போம். நம் பிள்ளைகளுள் ஒருவர், மூன்று முறை தேர்வில் தவறியவராயினும் சரி, நாளை நோயுற்றோரின் கண்ணீர் துடைக்க எழ இறைவன் அருள்புரிவாராக!