கைதியாக வந்த வலிய கப்பித்தான்

பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஓர் ஓவியத்தின் முன்னால் சற்று நேரம் நின்று விடுவார்கள். மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் முன் ஒரு வெள்ளைக்காரர் பணிந்து சரண் அடையும் காட்சி அது. குளச்சல் போரின் முடிவைக் காட்டும் படம். நேரில் கண்டு எழுதியதல்ல. பிற்காலத்து ஓவியரின் கற்பனை. ஆனாலும் பார்க்கிறவர்கள் மார்பு விம்மப் பார்க்கிறார்கள். கடல் கடந்து வந்த டச்சுக்காரனை நம் ஊர்க் கடற்கரையில் மண்ணைக் கவ்வ வைத்தோமே!

படத்தைப் பார்த்தாயிற்று, படி இறங்கியும் ஆயிற்று. அந்த வெள்ளைக்காரர் பிறகு என்ன ஆனார்? பெரும்பாலோர் கேட்பதில்லை.

விடை வெகு தூரத்தில் இல்லை. தக்கலையில் இருந்து நாகர்கோவில் போகும் சாலையில் சுமார் இரண்டு கிலோ மீட்டரில் புலியூர்க்குறிச்சி. அங்கே சாலையோரமாகவே உதயகிரிக் கோட்டை. ஒரு குன்றையே வளைத்துக் கட்டிய கருங்கல் மதில். உள்ளே மரங்களுக்கு நடுவே கூரை இழந்து நிற்கும் ஒரு சிறிய தேவாலயம். அதற்குள் சில கல்லறைகள். அவற்றில் ஒன்றில் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. இலத்தீன் வாசகம் வழிப்போக்கரைச் சற்று நிற்கும்படி கேட்டுக்கொண்டு தொடங்குகிறது.

அரண்மனைப் படத்தில் சரண் அடைந்த அதே மனிதர்தான் இங்கே உறங்குகிறார். பெயர் எஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் டிலனாய். கைதியாக வந்தவர், ஏறக்குறைய 37 ஆண்டு இந்த நாட்டு மன்னருக்கு உண்மையாகச் சேவகம் செய்தவர் என்று கல் கூறுகிறது.

மிளகால் வந்த போர்

அந்தக் காலத்தில் வல்லரசுகளின் சண்டையெல்லாம் மிளகுக்காகத்தான். இன்று ரசத்தில் நுணுக்கிப் போடும் அந்தக் கறுப்பு மணி, அன்று ஐரோப்பாவில் பெரும் பொருள். மலையாளக் கரையில் மிளகு வாணிபத்தைக் கையில் வைத்திருந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி. சிற்றரசுகளை ஒவ்வொன்றாக அடக்கி, சிறிய வேணாட்டைத் திருவிதாங்கூராக விரித்துக்கொண்டிருந்தார் மார்த்தாண்ட வர்மர். இரண்டும் ஒரே உறையில் இருக்க முடியுமா?

இலங்கையில் கும்பினியின் கவர்னராக இருந்தவர் வான் இம்ஹாஃப். அவர் மன்னரை நேரில் கண்டு பேசினார். பேச்சு முறிந்தது. டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. சுற்றியுள்ள ஊர்களில் புகுந்தது. கல்குளம் என்று அப்போது பெயர் பெற்றிருந்த பத்மநாபபுரம் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். தலைநகருக்கே ஆபத்து! மன்னரின் படை விரைந்து வந்து வளைத்துக்கொண்டது. 1741-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டச்சுப் படை தோற்றுப் பணிந்தது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை இந்திய மன்னர் ஒருவர் வென்ற அபூர்வமான போர்களில் இது ஒன்று. குளச்சலில் நிற்கும் வெற்றித்தூண் அதற்குச் சாட்சி.

பிடிபட்டவர்களில் டிலனாயும் ஒருவர். அவரை டச்சுப் படையின் பெரிய தளபதி என்று சொல்லிக் கேட்டிருப்போம். அது பிற்காலத்துப் புகழ் முன்காலத்துக்கும் போர்த்திவிட்ட பொன்னாடை. கும்பினியில் அவர் பெரிய பதவியில் இருந்தவரல்லர். படையை நடத்தி வந்தவர் வேறொருவர். டிலனாய்க்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கலாம். கும்பினி அவரிடம் துப்பாக்கி தூக்கும் தோளைத்தான் கண்டது. அந்தத் தோளுக்கு மேலே ஒரு தலை இருப்பதைக் கண்டவர், அவரைச் சிறைபிடித்த மன்னர்.

சிறையே பள்ளி ஆனது

கைதிகளைப் புலியூர்க்குறிச்சிக் கோட்டையில் வைத்தார்கள். மன்னர் அவர்களைத் துன்புறுத்தவில்லை, அன்பாகவே நடத்தினார். அதனால் சிலர் இங்கேயே சேவகத்தில் அமர முன்வந்தனர். டிலனாயும், டோனாடி என்று நம்மவர் அழைத்த அவருடைய தோழரும் அவர்களில் முக்கியமானவர்கள்.

முதலில் கிடைத்தது சிறிய வேலைதான். சில சிப்பாய்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்க வேண்டும்.

சொல்வது சுலபம். திருவிதாங்கூர் வீரர்கள் கோழைகளா? இல்லை. களரியில் வளர்ந்தவர்கள். வாளும் கேடயமும் அவர்களுக்குக் கைவிரல் போல. ஆனால் ஒவ்வொருவனும் தனித்தனியாக நின்று தன் வீரத்தைக் காட்டுகிறவன். துப்பாக்கிப் போர் அப்படியல்ல. அந்நாள் துப்பாக்கியை ஒரு முறை சுட்டால், மறுபடி மருந்திட்டுக் குண்டிட்டுக் கெட்டிப்பதற்குள் எதிரி மேலே பாய்ந்து விடுவான். ஆகவே ஒரு வரிசை சுட வேண்டும். அது மருந்து கெட்டிக்கும்போது அடுத்த வரிசை சுட வேண்டும். நூறு பேர் ஒரே கைபோல அசைய வேண்டும். பக்கத்தில் நிற்பவன் ஓட மாட்டான் என்ற நம்பிக்கை ஒவ்வொருவனுக்கும் வேண்டும். இந்த நம்பிக்கையை ஆணையிட்டு உண்டாக்க முடியாது. நாள்தோறும் கூட நின்று, வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, பழகிப் பழகித்தான் உண்டாக்க முடியும்.

டிலனாயிடம் இருந்த பெரிய திறமை அதுதான். அவருக்கே அது முன்பு தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். கும்பினியில் அவர் ஆணைக்குக் கீழ்ப்படிகிறவர், சொல்லிக் கொடுக்கிறவரல்லர். இங்கே, நேற்று வரை தம்மை நோக்கி வாள் உயர்த்தியவர்களோடு தோளோடு தோள் நின்று பழகிய பிறகுதான் வாத்தியார் வெளியே வந்தார். அவர் பழக்கிய படையின் அழகைக் கண்ட மன்னர் அவரைக் கப்பித்தான் ஆக்கினார். பின்னாளில் சேனை முழுவதையும் ஒப்படைத்தார். நாட்டார் அவருக்கு இட்ட பெயர் வலிய கப்பித்தான். வலிய என்றால் மலையாளத்தில் பெரிய என்று பொருள்.

அடுத்த வேலை கோட்டை. பழைய உதயகிரிக் கோட்டையை 1741 முதல் 1744 வரை புதிதாக எடுத்துக் கட்டினார்கள். சுமார் 90 ஏக்கர் பரப்பு. உள்ளேயே உலைக்கூடம் அமைந்தது. பீரங்கி வார்ப்பதும், குண்டு உருக்குவதும், வெடிமருந்து கூட்டுவதும் டிலனாயின் மேற்பார்வையில் நடந்தன. 16 அடி நீளத்தில் ஒரு பித்தளைப் பீரங்கி இங்கே வார்க்கப்பட்டதாகச் சமஸ்தான வரலாறு கூறும். அவர் குடியிருப்பும் கோட்டைக்குள்தான். கொல்லரும் கல்தச்சரும் சிப்பாய்களும் சேர்ந்த ஒரு சின்ன ஊராகவே அது ஆகிவிட்டது. ஊரார் அதை டிலனாய் கோட்டை என்றே அழைக்கத் தொடங்கினர். சிறை வைத்த இடத்துக்குக் கைதியின் பெயர்!

நட்டாலத்து நண்பர்

கோட்டை வேலையில்தான் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை. 1712-ம் ஆண்டு பிறந்தவர். டிலனாயைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அரண்மனை உத்தியோகஸ்தர். உதயகிரி வேலைகளைக் கவனிக்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது.

ஒருவர் மன்னரின் நம்பிக்கைக்குரிய குடும்பத்துப் பிள்ளை. மற்றவர் மன்னரின் கைதியாக இருந்தவர். ஒருவருக்கு நாடு முழுவதும் சுற்றம். மற்றவருக்கு ஏழு கடலுக்கு இப்பால் ஒருவரும் இல்லை. இருந்தும் நட்பு வளர்ந்தது. கல்லும் சுண்ணாம்பும் கணக்கும் கூலியுமாகத் தொடங்கிய பேச்சு, வீட்டுக் கவலை வரை போயிற்று. நல்ல நட்பெல்லாம் இப்படி வேலைக்கு நடுவில்தானே முளைக்கிறது!

ஒரு சமயம் நீலகண்ட பிள்ளைக்குக் கஷ்ட காலம். கால்நடைகள் மடிந்தன; பயிர் நஷ்டமாயிற்று. முகம் வாடி இருந்த நண்பரைக் கண்டு டிலனாய் காரணம் கேட்டார். ஆறுதலாகத் தம் வேதத்தில் உள்ள யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. ஆடு மாடு, மக்கள், உடல் நலம் எல்லாம் இழந்தும் மனம் உடையாதவன் கதை அது. கேட்டவர் மனம் மாறியது. டிலனாய் கத்தோலிக்கர், நண்பரை வடக்கன்குளத்துக் குருவிடம் அனுப்பினார். 1745-ம் ஆண்டு மே மாதம் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் பிள்ளை ஆனார்.

நண்பரின் துயரம் தீர்க்கச் சொன்ன கதை, நண்பரை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்பதை டிலனாய் அன்று எண்ணியிருக்க மாட்டார்.

1749-ம் ஆண்டு தேவசகாயம் பிள்ளை சிறைப்பட்டார். ராஜத் துரோகம் என்று ஒரு சாரார். மதம் மாறியதும், சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதுமே குற்றம் என்று மறு சாரார். எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். மூன்று ஆண்டு துன்பம். 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கமாயிற்று. 270 ஆண்டுகள் கழித்து, 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி, ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

அந்த மூன்று ஆண்டும் டிலனாய் இதே மன்னரின் சேவகத்தில்தான் இருந்தார். சிற்றரசுகளை வென்றவர், துப்பாக்கிப் படையைப் பழக்கியவர். ஆனால் ஒரு நண்பரின் மார்பை நோக்கிய துப்பாக்கியைத் தடுக்க அவரால் முடியவில்லை. வலிய கப்பித்தானின் வலிமை எதுவரை செல்லும் என்பதைக் காற்றாடி மலை காட்டிவிட்டது. அதன் பிறகும் அவர் ஏன் போகவில்லை? நன்றியா, கடமையா, குடும்பமா, அல்லது தாம் பழக்கிய ஆயிரக்கணக்கான சிப்பாய்களா? எது என்றாலும், போகவில்லை.

வென்றதும் இழந்ததும்

காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று வடக்கே ஒவ்வொரு நாடாகத் திருவிதாங்கூரோடு சேர்ந்தது. வென்ற படையில் டிலனாயின் பயிற்சி இருந்தது. தோற்றவர்களுக்கும் அரண்மனை இருந்தது, குடிகள் இருந்தார்கள். அவர்கள் வலிய கப்பித்தானை வாழ்த்தியிருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1753-ம் ஆண்டு மாவேலிக்கரை உடன்படிக்கையில் டச்சுக் கும்பினியே இறங்கி வந்து சமாதானம் செய்துகொண்டது.

1758-ம் ஆண்டு மார்த்தாண்ட வர்மர் காலமானார். தர்ம ராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் பட்டத்துக்கு வந்தார். அவரும் டிலனாயைக் கைவிடவில்லை. வடக்கே இருந்து வரும் படையெடுப்பைத் தடுக்க, கடலோரத்தில் இருந்து மலையடிவாரம் வரை நீண்ட மதிலும் அகழியும் அமைக்கும் வேலை அவரிடம் வந்தது. அதுதான் நெடுங்கோட்டை.

இதற்கு இடையில் வீட்டிலும் ஓர் இடி விழுந்தது. டிலனாய் தம்பதியின் மகன் யோவான். தந்தையைப் போலவே படையில் சேர்ந்தவன். 1765-ம் ஆண்டு திருநெல்வேலிச் சீமைக் களக்காட்டில் நடந்த சண்டையில் உயிர் விட்டான். இருபது வயது நிரம்பவில்லை. மற்றவர் பிள்ளைகளைப் போருக்குப் பழக்கியவர், தம் பிள்ளையைப் போரிலேயே பறிகொடுத்தார்.

அதன் பின்னும் பன்னிரண்டு ஆண்டு உழைத்தார். 1777-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, உதயகிரிக் கோட்டையிலேயே கண்ணை மூடினார். வயது 62, மாதம் ஐந்து என்று கல் கணக்குச் சொல்கிறது. பிறந்த மண்ணில் கழித்த காலத்தைவிட இந்த மண்ணில் கழித்த காலமே அதிகம்.

நெடுங்கோட்டை தன் வேலையை அவருக்குப் பிறகுதான் செய்தது. 1789-ம் ஆண்டு டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தானின் பெரும்படை அதன்மேல் மோதியது. முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மதில் உடைந்தது என்றாலும், அந்த இடைக்காலம் திருவிதாங்கூருக்கு மூச்சு விட நேரம் கொடுத்தது.

உதயகிரிக் கோட்டையில் பிறகு வெள்ளைக்காரப் பட்டாளம் சில காலம் தங்கியது. உலைகள் அவிந்தன. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி தக்கலையும் சேர்ந்த இந்தப் பகுதி தமிழகத்தோடு இணைந்தது. இப்போது கோட்டைக்குள் வனத்துறையின் பூங்கா இருக்கிறது. விடுமுறை நாளில் சிநேகிதர்கள் கூட்டம் கூட்டமாக வந்து மர நிழலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கூரையில்லாத தேவாலயத்துக்குள் டிலனாயும் மனைவி மார்கரீத்தாவும் மகனும் அவர்களோடு பணி புரிந்த ஐரோப்பியத் தோழரும் உறங்குகிறார்கள். நட்டாலத்து நண்பர் இங்கே இல்லை. அவர் கோட்டாற்றில் இருக்கிறார், பதினைந்து கிலோ மீட்டர் தள்ளி.