தொழிலை விசாரித்த வைத்தியர்

வைத்தியர் நோயாளியை நோக்கி, நீர் செய்யும் தொழில் யாதென்று வினவுவது இக்காலத்தில் சகஜம். அக்கேள்வியை வைத்திய சாஸ்திரத்தில் நிலைநாட்டியவர் பெர்னார்டினோ ராமட்சினி. அவர் இத்தாலி தேசத்துக் கார்ப்பியில் 1633-ஆம் ஆண்டு பிறந்தார். பார்மாவில் பயின்று, மோடெனாச் சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்தார்.

மோடெனாவில் அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி ஒருவர், மூச்சு விடாமல் பரபரப்புடன் உழைத்துக்கொண்டிருந்தார். இத்தனை அவசரம் ஏனென்று ராமட்சினி விசாரித்தார். நான்கு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்று மறுமொழி வந்தது. மேலே ஏறியவரின் கண்களோ சிவந்து மங்கியிருந்தன. அத்தொழிலால் பார்வையிழந்தோர் நகரில் பிச்சையெடுப்பதையும் அவர் பின்னர்க் கண்டார். (நம் தேசத்தில் மலம் அள்ளும் தொழிலை 1993-லும் 2013-லும் சட்டமியற்றி விலக்கினோம், ஆயினும் குழியில் இறங்கியோர் மாண்ட செய்தி நின்றபாடில்லை.)

அன்று முளைத்த ஆராய்ச்சி 1700-ல் நூலாய் வெளிவந்தது. குயவர், சுரங்கத் தொழிலாளர், பொன்முலாம் பூசுவோர் முதலிய பலரின் பிணிகளை அதில் ஆராய்ந்தார். இதற்காகப் பட்டறைகளுக்குள் நுழைந்து பார்த்தார். ஏழை வீட்டு முக்காலியிலும் வைத்தியர் கௌரவம் பாராமல் அமர்ந்து விசாரிக்க வேண்டுமென்பது அவர் கொள்கை.

நம்மை மிகவும் கவர்வது 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் குமாஸ்தாக்களைப் பற்றி அவர் சேர்த்த பகுதியே. அவர்களுடைய உபாதைக்கு மூன்று காரணங்கள் காட்டினார்: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கை ஒரே போக்கில் இடைவிடாது அசைதல், கணக்கில் பிழை நேர்ந்து எஜமானனுக்கு நஷ்டம் வருமோ என்ற மனக்கவலை. அவருக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவருக்கு எழுதியெழுதி வலக்கை விழுந்துவிட்டது. இடக்கையால் எழுதக் கற்றார்; சில காலத்தில் அதையும் அந்நோயே பற்றியது. மனத்தின் பாரமும் தேகத்தைத் தாக்கும் என்பதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டுகொண்டார்.

உட்கார்ந்து உழைப்போர் விடுமுறை நாட்களிலேனும் தேகப்பயிற்சி செய்யட்டும் என்று அவர் கூறிய பரிகாரம் நமக்குப் போதுமானதாய்த் தோன்றவில்லை. வேலையின் அளவைக் குறைக்கும் அதிகாரம் வைத்தியர் கையில் ஏது?

விருப்பத்துடன் உழைப்போரையும் அவர் விட்டுவிடவில்லை. கல்வியில் ஆழ்ந்த வித்வான்களின் ஜீரணசக்தி கெடுவதைத் தனியே எழுதினார். பொதுப்பணியில் இரவுபகல் பாராத அன்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக. உற்சாகம் களைப்பை மறைக்குமேயன்றிப் போக்காது.

1700-ல் பாதுவாச் சர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டது. முதுமையில் கண்பார்வை மங்கியது; மார்புத் துடிப்பும் வருத்தியது. போதிப்பதை மட்டும் அவர் விடவில்லை. 1714-ல், எண்பத்தொன்றாம் வயதில், மாணாக்கருக்குப் பாடஞ்சொல்லப் புறப்படும் வேளையில் மூளையில் நோய் தாக்கி உயிர்துறந்தார்.