வேதியியல் மாணவன் பார்வையில் அகதா கிறிஸ்டி

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, ஓய்வுபெற்றவனிடம் என்ன சரக்கு இருக்கப்போகிறது என்று தட்டிக்கழிக்கத்தான் முதலில் பார்த்தேன். கல்லூரி நாட்களைப் பற்றி எழுதலாம். ஆனால் விடுதிச் சாம்பாரைப் பற்றியும் மரத்தடி அரட்டையைப் பற்றியும் ஒவ்வொரு மலரிலும் யாராவது முந்திக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். எனவே வேதியியல் மாணவனான நான், பாடப் புத்தகம் எடுக்கிறேன் என்று நூலகத்துக்குப் போய், அதற்குப் பதிலாக எடுத்துப் படித்த ஓர் ஆங்கில அம்மாளைப் பற்றி எழுதுகிறேன். அவரும் ஒருவகையில் நம்ம டிபார்ட்மெண்ட்தான். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

அகதா கிறிஸ்டி. பெயரைச் சொன்னதும் மீசையை முறுக்கிவிட்ட பெல்ஜியத் துப்பறிவாளர் பொய்ரோதான் பலருக்கும் நினைவுக்கு வருவார். எனக்குப் பிடித்தவர் அவரில்லை. செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில் கம்பளி பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மிஸ் மார்ப்பிள் என்ற கல்யாணமாகாத கிழவி. ஒரு சின்ன ஊர், ஒரு பாதிரியார், ஒரு டாக்டர், ஓய்வுபெற்ற ஒரு கர்னல், நாலு வம்புக்காரக் கிழவிகள், நடுவில் ஒரு பிணம். அவ்வளவுதான் சங்கதி. படிக்கும்போது சிரிப்பு வரும். விளக்கை அணைத்தபின் கொஞ்சம் பயமும் வரும்.

நான் முதலில் படித்தது 1930-ல் வெளிவந்த 'தி மர்டர் அட் தி விக்கரேஜ்'. நம் நூலகப் பிரதி, பழுப்பேறிய தாள். முதல் பக்கத்திலேயே எனக்கு முன் படித்த ஒரு புண்ணியவான் கொலைகாரரின் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனாலும் படித்தேன்.

கதையைச் சொல்பவர் அந்த ஊர்ப் பாதிரியார். பரம சாது. ஆனால் முதல் அத்தியாயத்திலேயே, சாப்பாட்டு மேசையில் வேகாத இறைச்சியை வெட்டிக்கொண்டே, கர்னல் புரோத்தரோவை யாராவது கொன்றால் உலகத்துக்கே உபகாரம் என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். அதே கர்னல் அவருடைய படிப்பறையிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார்! பாதிரியாரின் இளம் மனைவிக்கு வீட்டு நிர்வாகம் சுத்தமாக வராது. வேலைக்காரப் பெண் சமைப்பதை வாயில் வைக்க முடியாது. மெத்தனம் என்று பொருள்படும் பெயர் வைத்த இன்ஸ்பெக்டர், கால் ஒரு இடத்தில் நிற்காத பேர்வழி. நேரத்துக்குக் கிளம்பவேண்டும் என்பதற்காகப் பாதிரியார் தன் கடிகாரத்தை எப்போதும் கால்மணி நேரம் முன்னால் வைத்திருப்பார். நம் வீடுகளில் நடக்காததா! சிரித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போனேன். அந்தக் கடிகாரம் கொலை வழக்கில் எவ்வளவு முக்கியம் என்பது பிறகுதான் உறைத்தது. சிரிக்க வைத்துக்கொண்டே துப்பை நம் கண்முன் வைத்துவிட்டுப் போவது இந்த அம்மாளின் சாமர்த்தியம்.

இனி அவர் கதைக்கு வருகிறேன். 1890 செப்டம்பர் 15-ல், தென்மேற்கு இங்கிலாந்தில் டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அப்பா அமெரிக்கர், பரம்பரை வருமானத்தில் காலம் தள்ளியவர். எட்டு வயதுவரை குழந்தைக்குப் படிக்கச் சொல்லித்தரக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை. பெண்ணோ ஐந்து வயதுக்குள் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டது. 1901-ல் அப்பா இறந்தபோது அகதாவுக்கு 11 வயது. ஏற்கெனவே கரைந்துவந்த வருமானம் மேலும் சுருங்கியது.

லண்டனை ஒட்டிய ஈலிங்கில், அவருடைய அம்மாவை வளர்த்த பாட்டி ஒருவர் இருந்தார். நல்ல மனுஷி, கலகலப்பானவர். ஆனால் யாரைப் பற்றியும் மோசமானதைத்தான் எதிர்பார்ப்பார். ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பாலும் பாட்டி நினைத்ததே நடந்துவிடும். அவரோடு தேநீர் குடிக்க வரும் சிநேகிதிகளும் அப்படித்தான். ஊரில் யார் வீட்டில் என்ன என்று எல்லாம் தெரியும். குழந்தை அகதா மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டிருக்கிறது. மிஸ் மார்ப்பிளின் விதை அங்கே விழுந்தது.

1914-ல் உலகப்போர். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஆர்ச்சிபால்ட் கிறிஸ்டி என்ற விமானப்படை அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவர் போர்முனையில், இவர் டார்க்கீ மருத்துவமனையில் முதலில் நர்ஸ், பிறகு மருந்தகத்தில் மருந்து கலக்கும் வேலை. 1917-ல் அதற்கான தேர்விலும் தேறினார். நம்ம டிபார்ட்மெண்ட் என்று சொன்னது இதைத்தான். அலமாரி முழுக்க விஷப் புட்டிகள், வேலையில்லாத மதிய நேரம், உன்னால் துப்பறியும் கதை எழுதமுடியாது என்று பந்தயம் கட்டிய அக்கா. 1916-ல் எழுத உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்று. தேர்வுக்காக ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் பயிற்சிக்குப் போனார். அந்த மனிதர் குராரே என்ற அம்பு விஷத்தின் கட்டியை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். அது பையில் இருந்தால் பலசாலியாகத் தோன்றுகிறதாம். ஒருநாள் அவர் மருந்தை உருக்கி அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, தசமப்புள்ளியைத் தவறாகப் போட்டு, போடவேண்டியதைப்போல் பத்து மடங்கு சேர்த்துவிட்டதை அகதா கவனித்தார். சொன்னால் ஏற்கும் ஆள் இல்லை. சும்மா இருந்தால் யாரோ ஒரு நோயாளிக்கு ஆபத்து. அகதா என்ன செய்தார் தெரியுமோ? கால் தடுக்கியதுபோல் நடித்து, எல்லாவற்றையும் கீழே தள்ளி, மிதித்தும் விட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மருந்து புதிதாகச் செய்யப்பட்டது.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை. பி.எஸ்ஸி. முடித்து, டி.ஃபார்ம். படித்து, சென்னையில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் சேர்ந்த புதிது. என் மேலதிகாரி ஒரு கரைசலைத் தயாரிக்கும்போது இதே தசமப்புள்ளிப் பிழையைச் செய்தார். நான் நாலு பேர் முன்னிலையில் சத்தமாகச் சொன்னேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லது. ஆனால் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அந்த மனிதர் ஓய்வுபெறும்வரை என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. நான் செய்தது தப்பில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் அந்த நாலு பேர் முன்னால் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் உறுத்துகிறது. கால் தடுக்கி விழ எனக்குத் தோன்றவே இல்லை.

போகட்டும். முதல் நாவல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' பல பதிப்பாளர்களிடம் திரும்பி வந்து, கடைசியில் 1920-ல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வெளியானது. கையில் கிடைத்தது 25 பவுன். அதில் வரும் ஸ்ட்ரிக்னைன் சமாச்சாரம் அசல் வேதியியல். (படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும்.) ஸ்ட்ரிக்னைன் கலந்த டானிக்கில் புரோமைடைப் போட்டால், விஷம் முழுவதும் படிகமாக அடியில் தங்கிவிடும். கடைசி வேளை மருந்தைக் குடிப்பவர் கதி அதோகதி. மருந்தாளுநர்களின் தொழில்முறைப் பத்திரிகை ஒன்று, விஷத்தைச் சரியாகக் கையாண்ட நூல் என்று இதைப் பாராட்டியது. மற்ற எந்தப் பாராட்டையும்விட அந்த அம்மாளுக்கு இதில்தான் பெருமை அதிகம்.

1926-ஆம் ஆண்டுதான் அவரை உடைத்துப்போட்டது. ஏப்ரலில் அம்மா இறந்தார். பிறந்த வீட்டை ஒழித்துப்போடும் வேலையில் தனியாகக் கிடந்தார். அந்த நேரம் பார்த்துக் கணவர் வந்து, தான் வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொன்னார். டிசம்பர் 3 இரவு அகதா காரை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார். மறுநாள் காலை நியூலாண்ட்ஸ் கார்னர் என்ற இடத்தில் காரும், அதில் கம்பளிக் கோட்டும் கிடைத்தன. ஆளைக் காணோம்! போலீசோடு ஊர்மக்களும் திரண்டு புதர் புதராகத் தேடினார்கள். ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில், அகதாவின் கையுறையை எடுத்துக்கொண்டு ஆவியுலகத்தோடு பேசுபவரிடம் போனார். பதினோராவது நாள், ஹாரோகேட் என்ற ஊரில் ஒரு ஓட்டலில், கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயரையே தன் பெயராகப் பதிவுசெய்துகொண்டு அவர் தங்கியிருப்பது தெரிந்தது. நினைவு தப்பிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். விளம்பரத்துக்குச் செய்த நாடகம் என்றன பத்திரிகைகள். தேடிய செலவை யார் கொடுப்பது என்றும் ஒரு பேச்சு.

இதைப் பற்றி எத்தனையோ புத்தகம், சினிமா எல்லாம் வந்துவிட்டன. எனக்கு அதில் ஆர்வமில்லை. அவர் வாயே திறக்கவில்லை. 1977-ல் வெளிவந்த சுயசரிதையிலும் அந்தப் பதினோரு நாளைத் தொடவில்லை. நான் கவனித்தது வேறு ஒரு தேதி. மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக அச்சில் வந்தது 1927 டிசம்பரில், ஒரு பத்திரிகைச் சிறுகதையில். நாடே கூடி அவரைத் தேடிய டிசம்பருக்குச் சரியாக ஒரு வருஷம். பணமுடையில், பிடிக்காமலே இன்னொரு நாவலைத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. இவ்வளவு நொந்துபோயிருந்தவரிடமிருந்துதான், யாரும் பொருட்படுத்தாமல் ஓரமாக உட்கார்ந்து, எல்லாரையும் பார்த்துவிடுகிற அந்தக் கிழவி வருகிறாள். ஊரே கூடி என்னைப் பார்த்தீர்களே, இப்போது என் கிழவி உங்களைப் பார்க்கிறாள் என்று சொல்வதுபோல எனக்குத் தோன்றும். அகதாவே இப்படிச் சொன்னதில்லை. இது என் ஊகம். 1926-ல் வந்த ராஜர் ஆக்ராய்ட் நாவலில் டாக்டரின் அக்காவாக ஒரு வம்புக்காரியை எழுதியதில் உண்டான ருசிதான் மார்ப்பிளில் வந்து முடிந்தது என்பது அவர் சொன்ன கணக்கு.

1928-ல் விவாகரத்து. அதே வருஷம், விருந்தில் யாரோ பாக்தாத்தைப் புகழ்ந்ததைக் கேட்டு, எடுத்துவைத்திருந்த மேற்கிந்தியத் தீவுப் பயணத்தை ரத்துசெய்துவிட்டு, ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் தன்னந்தனியாக ஏறினார். இராக்கில் உர் அகழாய்வு இடத்துக்கு மறுமுறை போனபோது, 13 வயது இளையவரான மேக்ஸ் மல்லோவன் என்ற தொல்லியலாளர் அறிமுகமானார். 1930 செப்டம்பரில் கல்யாணம். அடுத்த மாதம் விக்கரேஜ் நாவல் வெளிவந்தது. அந்தப் புத்தகத்தில் ததும்பும் சந்தோஷத்துக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. அதன்பின் பல வருஷம் பாலைவனக் கூடாரங்களில் கணவரோடு. நிம்ருதில் கிடைத்த தந்தச் சிற்பங்களைத் தன் முகப்பூச்சு கிரீமைப் போட்டுத் துடைத்துச் சுத்தம் செய்தவரும் இவரே.

மிஸ் மார்ப்பிள் துப்பறியும் முறைக்குப் பூதக்கண்ணாடி வேண்டாம். லண்டன் சீமானோ, சினிமா நடிகையோ, யாரைப் பார்த்தாலும் அவளுக்குத் தன் ஊர் மளிகைக் கடைப் பையனோ, ஒரு வேலைக்காரப் பெண்ணோ நினைவுக்கு வருவார்கள். அவன் அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டு முழித்த முழி இவரிடமும் இருக்கிறதே என்பாள். அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுவிடுவான். கிராமத்திலிருந்து வந்து, ஆங்கிலம் பேசுகிற நகரத்துப் பையன்களைக் கண்டு மிரண்டுபோயிருந்த எனக்கு இது எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் தெருத் திண்ணையில் இருந்த ஆளெல்லாம் விடுதியிலும் இருந்தார்கள்!

1950-ல் வந்த 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' நாவலை மாணவர்கள் அவசியம் படிக்கவேண்டும். இந்த வீட்டில், இத்தனை மணிக்குக் கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. அக்கம்பக்கத்தார் எல்லாரும், விளம்பரத்தைப் பார்க்காதவர்கள்போல, சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்று அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் அடியில் ஒரு துக்கம் இருக்கிறது. போருக்குப் பிந்திய அந்தக் கிராமத்தில் பக்கத்து வீட்டுக்காரர் உண்மையில் யார் என்று யாருக்கும் தெரியாது. அவரவர் தன்னைப் பற்றிச் சொன்னதுதான். 1962 நாவலில் செயின்ட் மேரி மீட்டிலேயே புதுக் குடியிருப்பும் சூப்பர் மார்க்கெட்டும் வந்துவிடுகின்றன. கிழவி அங்கேயும் பொடிநடையாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

ஆரம்பத்திலேயே கிழவியாகப் படைத்துவிட்டோமே என்று பின்னால் அவருக்கே வருத்தம். 12 நாவல்கள் வரை அவளை இழுக்கவேண்டி வந்ததல்லவா! நாடகத்திலும் ஒரு சாதனை: 'தி மவுஸ்ட்ராப்' 1952 நவம்பரில் லண்டனில் அரங்கேறி, 2020 மார்ச்சில் கொரோனா வரும்வரை இடைவிடாமல் நடந்தது, 2021-ல் மீண்டும் தொடங்கியது. 1971-ல் டேம் பட்டம். 1976 ஜனவரி 12-ல் 85 வயதில் வாலிங்ஃபோர்ட் அருகே தன் வீட்டில் காலமானார். சோல்ஸி கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கம்.

அம்பு விஷத்தைப் பையில் வைத்திருந்த அந்த மருந்துக்கடைக்காரரை அவர் மறக்கவில்லை. ஏறக்குறைய நாற்பத்தைந்து வருஷம் கழித்து, 1961-ல், 'தி பேல் ஹார்ஸ்' நாவல் எழுதும்போது அவர் நினைவுக்கு வந்தார். அதில் கையாண்ட விஷம் தாலியம். 1977-ல், அகதா இறந்த மறு ஆண்டு, லண்டன் மருத்துவமனை ஒன்றில் என்ன நோய் என்றே புரியாமல் ஒரு குழந்தை செத்துக்கொண்டிருந்தது. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், குழந்தைக்கு முடி கொட்டுவதைப் பார்த்துத் தாலியமாக இருக்குமோ என்று டாக்டர்களிடம் சொன்னார். சோதித்தார்கள், அதேதான். குழந்தை பிழைத்தது.

கடைசியாக அந்தப் பென்சில் விவகாரம். முதல் பக்கத்தில் எழுதியிருந்த பெயரை நம்பி, அந்த ஆளையே முறைத்துக்கொண்டு, முழுப் புத்தகத்தையும் படித்து முடித்தேன். கடைசியில் பார்த்தால் கொலை செய்தது அவரே இல்லை! வேண்டுமென்றே தப்பான பெயரை எழுதிவைத்திருக்கிறார் அந்த மகானுபாவர். அவர் 1971-க்கு முன் படித்த நம் முன்னாள் மாணவராகத்தான் இருக்கவேண்டும். இந்த மலர் அவர் கைக்கும் வந்திருந்தால், சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டு வரிசையில் தயவுசெய்து என்னைத் தேடி வரவும். காபி என் செலவு.