லீலா ராவ் அம்மையார்

பந்தாடுதல் நம் நாட்டு மகளிர்க்குப் புதிதன்று. கழங்கும் அம்மானையும் பந்தும் பெண்பாலார்க்கு உரிய விளையாட்டுக்களாகவே நம் பழைய நூல்களில் பேசப்பெறுகின்றன. குற்றாலக் குறவஞ்சியின் தலைவியாகிய வசந்தவல்லி பந்தடிக்கும் காட்சியைப் பள்ளியிற் படியாதார் நம்முள் மிகச் சிலரே. ஆயினும் அப்பந்து பெரும்பாலும் வீட்டு முற்றத்தைக் கடந்து சென்றதில்லை. பலர் கூடிக் காண, வெற்றி தோல்வி கணக்கிட்டு, அயலாரோடு எதிர்நின்று ஆடும் வாய்ப்பு நம் பெண்டிர்க்குக் கிடைத்தது மிகப் பிற்காலத்திலேயாம். இன்றைக்கும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு பெண் டென்னிஸ் மட்டையைக் கையிலேந்தித் தெருவில் நடப்பாளாயின், திண்ணையில் இருப்போர் தலையைத் திருப்பாமல் இரார் என்பதை அப்பக்கத்தவனாகிய யான் அறிவேன். இந்நிலையில், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஆங்கிலேயரது ஆட்சி நம் நாட்டில் நிலவிய காலத்தில், அவ்வாங்கிலேயரது தலைநகரிலேயே, அவர்கள் கண்டமைத்த ஆட்டத்தில், அவர்கள் நாட்டுப் பெண்மணி ஒருவரை வென்ற ஓர் இந்தியப் பெண்ணின் வரலாற்றை நம் கலாசாலை மாணவ மாணவியர் அறிந்துகொள்ளுதல் நன்றென்று கருதி இதனை வரையலானேன்.

அப்பெண்மணியே லீலா ராவ் அம்மையார். இவர் 1911-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ராகவேந்திர ராவ், அந்நாளில் பம்பாய் என வழங்கிய மும்பை மாநகரில் பெயர் பெற்ற மருத்துவர். அன்னையார் பண்டிதை க்ஷமா ராவ். மகளின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் அன்னையின் வரலாற்றையும் உடன்சொல்லாமல் விடுதல் இயலாது. ஏனெனில் மகள் கைக்கொண்ட இரண்டு பொருள்களும், அஃதாவது மட்டையும் எழுதுகோலும், தாயின் கையிலிருந்து வந்தவையேயாம்.

க்ஷமா அம்மையார் 1890-ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தந்தையார் சங்கர பாண்டுரங்க பண்டிதர் வடமொழிப் பெரும்புலவர். காளிதாசனுடைய நூல்கள் சிலவற்றையும், சாயணருடைய உரையோடு கூடிய அதர்வ வேதத்தையும் ஆராய்ந்து பதிப்பித்தவர். மராத்தியப் பக்தராகிய துகாராமருடைய பாடல்களைத் தொகுத்து அச்சேற்றியவர்களுள் ஒருவர். அப்பெரியார் 1894-ஆம் ஆண்டிலேயே காலமானார். தந்தையின் முகத்தை நினைவிற் கொள்ளும் வயதும் வருமுன்னரே க்ஷமா தந்தையை இழந்து, உறவினர் வீட்டில் வளர நேர்ந்தது. தந்தை விட்டுச்சென்ற மொழியை அவர் பின்னாளிலேயே முயன்று தமதாக்கிக்கொண்டார். முதலில் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதியவர், பின்னர் வடமொழியையே தம் மொழியாகக் கொண்டார். மருத்துவர் ராவை மணந்து பம்பாயில் வாழ்ந்த காலத்தில் அவர் டென்னிஸ் பயின்றார். அந்நகரத்து ஆட்டக்களங்களில் முன்னணியில் நின்ற பெண்டிருள் ஒருவராயினார். காலையில் அனுஷ்டுப்புச் சுலோகமும் மாலையில் பந்தாட்டமுமாக வாழ்ந்த அன்னையொருவரை அந்நாளைய இந்தியாவில் வேறெங்கும் தேடிக் காண்டல் அரிதாகும்.

அவ்வன்னையார் இயற்றிய நூல்களுள் தலைசிறந்தது சத்தியாக்கிரக கீதை என்பது. காந்தியடிகள் நடத்திய அறப்போரைப் பகவத்கீதையின் அமைப்பைப் பின்பற்றிப் பதினெட்டு அத்தியாயங்களில் பாடியது அந்நூல். அந்நிய அரசாங்கத்தின் கண்ணுக்குத் தப்பி அதனை இந்நாட்டில் வெளியிடுதல் எளிதன்று. ஆதலின் அது 1932-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் அச்சிடப்பெற்று வெளிவந்தது. வாசகர்கள் இவ்வாண்டை மனத்திற் குறித்துக்கொள்க. அன்னையார் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த போரைப் பாடி அந்நிய மண்ணில் அச்சிட்டு இரண்டு ஆண்டுகள் கழிந்த பின், அவர் மகள் அவ்வாட்சியாளர் நாட்டின் புல்தரையில் மட்டையோடு நின்றார். இவ்விரண்டும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவை. இதில் முரண்பாடு உண்டென்று சிலர் கூறலாம். எனக்கு அங்ஙனம் தோன்றவில்லை.

இனி, லீலா சென்று நின்ற அக்களத்தின் வரலாற்றைச் சிறிது கூறுவேன். டென்னிஸ் உலகில் பெரும்போட்டிகள் எனப்படுவன நான்கு: இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் ஆண்டுதோறும் நிகழ்வன. அவற்றுள் மகளிர்க்கெனத் தனியாட்டப் பந்தயம் முதன்முதல் ஏற்பட்டது இலண்டனைச் சார்ந்த விம்பிள்டனிலாம். அது 1884-ஆம் ஆண்டு. பதின்மூன்று பெண்டிரே அவ்வாண்டு ஆட முன்வந்தனர். பாதிரியார் ஒருவரின் புதல்வியராகிய வாட்சன் சகோதரிகள் இருவரும் இறுதியாட்டத்தில் ஒருவரையொருவர் எதிர்த்தனர். இளையவராகிய மாட் வாட்சன், தமக்கையாகிய லிலியனை வென்று முதற் பட்டத்தை எய்தினார். மூன்றாண்டு கழித்து லாட்டி டாட் என்னும் சிறுமி பதினைந்தாம் வயதிலேயே அப்பட்டத்தைக் கைக்கொண்டாள். லாம்பர்ட் சேம்பர்ஸ் அம்மையார் ஏழு முறை வென்றார். பின்பு பிரெஞ்சுப் பெண்மணியாகிய சுசான் லெங்லென் 1919-ஆம் ஆண்டு வந்து, கணுக்கால்வரை தொங்கிய கனத்த உடைகளைக் கைவிட்டுக் குறுகிய மெல்லிய ஆடை அணிந்து ஆடி, கண்டாரை வியப்பிலாழ்த்தி, ஆறு முறை வெற்றி கொண்டார். அவர்க்குப் பின் அமெரிக்கராகிய ஹெலன் வில்ஸ் எட்டு முறை வென்றார். ஏனைய நாடுகளின் போட்டிகள் இதற்குப் பிற்பட்டவை: அமெரிக்காவில் மகளிர் பட்டம் 1887-லும், பிரான்சில் 1897-லும், ஆஸ்திரேலியாவில் 1922-லும் தொடங்கின.

அந்நாளில் இப்போட்டிகளில் வென்றார்க்குப் பணப் பரிசில் இல்லை. பணம் பெற்று ஆடுவோரை 1968-ஆம் ஆண்டு வரையில் இவற்றில் சேர்த்துக்கொள்ளவுமில்லை. ஆகவே கடல் கடந்து சென்று ஆடுதல் கையிற் பொருளுடையார்க்கே கூடுவதாயிருந்தது. லீலா செல்வ வளமுள்ள வீட்டில் பிறந்தவர். இந்தியாவில் மட்டுமன்றி இங்கிலாந்திலும் பிரான்சிலும் பயிலும் பேறு பெற்றவர். அவருடைய ஆற்றலைப் புகழும்போது இதனையும் மறைத்தல் நேர்மையாகாது. நம் நாட்டிலோ அக்காலத்துப் பெண்டிர் டென்னிஸ் பெரும்பாலும் ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர் கையிலேயே இருந்தது. லீலாவுக்கு முன்னரே ஆங்கிலோ இந்தியராகிய ஜென்னி சாண்டிசன் விம்பிள்டனில் ஆடியதுண்டு. எனினும் அங்கே ஓர் ஆட்டத்தில் வெற்றி காணும் பேறு இந்தியப் பெண் எவர்க்கும் அதுவரை வாய்க்கவில்லை.

1934-ஆம் ஆண்டு வந்தது. லீலாவுக்கு அப்பொழுது வயது இருபத்திரண்டு. முதற் சுற்றில் அவரை எதிர்த்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கிளாடிஸ் சௌத்வெல்.

பெண்டிர் ஆட்டத்தில் மூன்று செட்டுகளுள் இரண்டை வென்றவரே வென்றவராவர். முதற் செட்டு 4-6 என்னும் கணக்கில் லீலாவின் கையைவிட்டு நழுவியது. இனி ஒன்றை இழந்தாலும் தோல்வியே. இரண்டாவது செட்டு 10-8 என்று முடிந்தது. இவ்வெண்ணை இக்காலத்து இளைஞர் கண்டு மயங்கக்கூடும். ஆறுக்கு ஆறு என்றானதும் சிறு ஆட்டம் ஒன்றால் முடிவு கட்டும் இக்கால வழக்கம் அன்று இல்லை. எதிரியைவிட இரண்டு ஆட்டங்கள் முந்தும் வரையில் ஆடிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஆகவே 10-8 என்று முடிந்ததாயின், இருவரும் ஐந்துக்கு ஐந்து என்றும், ஆறுக்கு ஆறு என்றும், ஏழுக்கு ஏழு என்றும், எட்டுக்கு எட்டு என்றும் நான்கு முறை சமமாய் நின்றிருத்தல் வேண்டும். அந்நான்கு நிலைகளுள் எதிலேனும் சௌத்வெல் அம்மையார் தொடர்ந்து இரண்டு ஆட்டங்களை வென்றிருப்பின், லீலாவின் கதை அங்கேயே முடிந்து, இக்கட்டுரைக்கும் இடமின்றிப் போயிருக்கும். எட்டுக்கு எட்டு என்ற நிலையினின்று இரண்டையும் அடுத்தடுத்து வென்றவர் லீலா. வெறும் எண்களே ஈண்டு நமக்குக் கிடைத்துள்ளன. எனினும் அவ்வெண்களை நிறுத்திப் படிப்பார்க்கு அப்பெண்ணின் நெஞ்சுரம் நன்கு விளங்கும்.

மூன்றாவது செட்டில் அவ்வளவு இழுபறி இல்லை, 6-2. மொத்தம் முப்பத்தாறு ஆட்டங்கள். அவற்றுள் லீலா வென்றவை இருபது, தோற்றவை பதினாறு. விம்பிள்டனில் ஓர் இந்தியப் பெண் பெற்ற முதல் வெற்றி இதுவேயாகும்.

இரண்டாம் சுற்றில் அவர் பிரான்ஸ் நாட்டுக்காக ஆடிய ஐடா அடமாஃப் என்பவரிடம் தோற்றார். அடுத்த ஆண்டாகிய 1935-ல் மீண்டும் சென்று, முதற் சுற்றிலேயே ஆங்கிலப் பெண்மணியாகிய ஈவெலின் டியர்மனிடம் தோற்றுத் திரும்பினார். லீலா வென்ற 1934-ஆம் ஆண்டில் பட்டத்தை எய்தியவர் டாரதி ரவுண்ட் என்னும் ஆங்கில நங்கை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சிறுவர்க்கு வேதபாடம் கற்பித்தவர். ஓய்வுநாளில் எத்துணைப் பெரிய போட்டியாயினும் ஆடேன் என்று உறுதி பூண்டவர். நம் கலாசாலை போன்ற இடங்களில் பயில்வார்க்கு இச்செய்தி இனிக்கும் என்பதனால் இதனையும் உடன்குறித்தேன்.

தாயகத்தில் லீலாவுக்கு நிகர் சிலரே இருந்தனர். அகில இந்தியப் பந்தயத்தில் மகளிர் தனியாட்டப் பட்டத்தை 1931-ல் முதன்முறை வென்ற அவர், அதனைப் பின்னும் பலமுறை பெற்று, மொத்தம் ஏழு பட்டங்கள் தமக்குரியவையாக்கிக்கொண்டார். இடையிலே தோல்விகளும் இல்லாமலில்லை. இறுதியாட்டம் வரை சென்று பட்டத்தை இழந்த ஆண்டுகளும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் முன்னணியில் நிற்றல் எத்தகைய உடலுழைப்பை வேண்டுவது என்பது பந்தாடிப் பழகினார்க்கே தெரியும்.

ஆடுகளத்தை விட்டபின் அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. இந்தியன் சிவில் சர்வீசைச் சேர்ந்த ஹரீஷ்வர் தயாள் என்பவரை மணந்து லீலா ராவ் தயாள் ஆயினார். கணவர் சிக்கிம் நாட்டில் இந்திய அரசின் பிரதிநிதியாய் விளங்கியவர். 1950-ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் சிக்கிமுக்கும் இடையே நிகழ்ந்த உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பாகக் கையொப்பமிட்டவர். பின்னர் நேபாளத்தில் இந்தியத் தூதராயிருக்கையில், 1964-ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையைச் சார்ந்த பகுதியில் நடைப்பயணம் செய்தபோது காலமானார்.

அம்மையாரின் நாட்டம் இக்காலத்தில் நாட்டியத்திலும் நாடகத்திலும் சென்றது. மணிபுரி நடனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி 1951-ல் வெளியிட்டார். வடமொழியில் பல சிறு நாடகங்கள் இயற்றினார். அவற்றுட் பலவற்றுக்கு மூலம் அன்னையார் எழுதிய கதைகளும் சரிதங்களுமாம். அன்னை க்ஷமா ராவ் சுலோகங்களாற் பாடிய பாலவிதவையின் கதையை மகள் மேடைக்குரிய நாடகமாக்கினார். அங்ஙனமே துகாராமரது சரிதத்தையும் ஆக்கினார். பாட்டனார் துகாராமரின் பாடல்களைப் பதிப்பித்தார். அன்னையார் அவர் சரிதத்தைக் காவியமாக்கினார். பேத்தி அதனை நாடகமாக்கினார். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே அடியாரைச் சுற்றி வந்த இவ்வரலாறு தனியே எழுதத்தக்கது. க்ஷமா அம்மையார் 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். தம் தந்தையாரின் வாழ்க்கையையும் சுலோகங்களாற் பாடி வைத்தே சென்றார்.

லீலா அம்மையார் மறைந்தும் பல்லாண்டுகள் கடந்துவிட்டன. அவர் பெயரை வடமொழி நாடகம் பயில்வோர் ஒருபுறமும், டென்னிஸ் ஏடுகளைப் புரட்டுவோர் மற்றொருபுறமும் சிறிது அறிவர்; இருவரும் குறிப்பது ஒரே ஆளை என்பதனை அறிந்தோர் மிகக் குறைவு. யானும் நெடுநாள் அறியாதிருந்தவனே.

அவருக்குப் பின் 1952-ல் ரீட்டா தாவர் என்னும் இந்தியச் சிறுமி விம்பிள்டன் சிறுமியர் போட்டியில் இறுதியாட்டம் வரை சென்றாள். பெரியோர் தனியாட்டத்திலோ நெடுங்காலம் வெறுமையே நிலவியது. 1998-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நம் கோயம்புத்தூரிற் பிறந்த நிருபமா வைத்தியநாதன் ஆஸ்திரேலியப் போட்டியில் இத்தாலி நாட்டு ஆட்டக்காரர் ஒருவரை முதற் சுற்றில் வென்றார். 2005-ல் ஐதராபாத்தைச் சேர்ந்த சானியா மிர்சா அமெரிக்கப் போட்டியில் நான்காம் சுற்றை எட்டினார். பின்னாளில் இரட்டையர் ஆட்டத்தில் பெரும்பட்டங்களும் பெற்றார். தனியாட்டத்தில் பெரும்பட்டம் எய்திய இந்தியப் பெண் இதுகாறும் எவருமிலர்.

நிருபமாவின் வெற்றியைக் குறித்துப் பேசுவோர், பெரும்போட்டியொன்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவரே என்று சொல்லுதல் உண்டு. தமிழராகிய நமக்கு அது பெருமை தருவதே. எனினும் அது முழுதும் சரியன்று. பணம் பெற்று ஆடுவோரையும் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிற்பட்ட காலத்தில் முதல்வர் என்று கூறின் பொருந்தும். அதற்கு அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே விம்பிள்டன் ஏட்டில் லீலா ராவ் என்னும் பெயருக்கு நேரே 4-6, 10-8, 6-2 என்னும் கணக்குப் பதிவாகியிருந்தது.