ஜேபிஎல்-ல் இருக்கும் 'எல்' யார்? சில வாட்டில் தியேட்டரை அதிரவைத்த ஜேம்ஸ் லான்சிங்கின் கதை

காரில், கல்யாண மண்டபத்தில், கையில் தூக்கிப் போகும் ப்ளூடூத் பெட்டியில் என எங்கே பார்த்தாலும் ஜேபிஎல். அந்த மூணு எழுத்தும் ஒரு மனிதரின் பெயர்: ஜேம்ஸ் புல்லோ லான்சிங். தன் பெயர் இவ்வளவு பெருசா வளரும்னு தெரியாமலே, கடனோடு 47 வயதில் இறந்துபோனவர்.

யார் இந்த லான்சிங்?

1902 ஜனவரி 14-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜேம்ஸ் மார்ட்டினி. அப்பா நிலக்கரிச் சுரங்க இன்ஜினியர். பெரிய குடும்பம், நிறைய பிள்ளைகள். ஜேம்ஸ் கொஞ்ச காலம் புல்லோ என்ற குடும்பத்தின் வீட்டில் தங்கி வளர்ந்தார். பெயரின் நடுவில் இருக்கும் 'பி' அங்கிருந்து வந்ததுதான். சின்ன வயசிலேயே ரேடியோ டிரான்ஸ்மிட்டர் கட்டி, அதன் சிக்னல் கடற்படை நிலையம் வரை எட்டியதாக ஒரு கதை உண்டு. பிறகு கார் மெக்கானிக் வேலை.

1927-ல் கென் டெக்கர் என்ற கூட்டாளியுடன் லாஸ் ஏஞ்சல்ஸில் கம்பெனி தொடங்கினார். பெயரையும் அப்போதுதான் லான்சிங் என்று மாற்றிக்கொண்டார். லான்சிங் பட்டறையைப் பார்க்க, டெக்கர் கணக்கு வழக்கைப் பார்த்தார். இந்தப் பங்கீடு எவ்வளவு முக்கியம் என்பது பின்னாடி தெரியும்.

சினிமா பேச ஆரம்பித்த காலம் அது. எம்ஜிஎம் ஸ்டுடியோவின் ஒலிப்பிரிவு தலைவர் டக்ளஸ் ஷியரருக்கு அன்றைய தியேட்டர் ஸ்பீக்கர்கள் பிடிக்கவில்லை. பாஸ் சத்தமும் உயர்ந்த சத்தமும் தனித்தனி ஹார்ன்களில் இருந்து வந்தன. இரண்டுக்கும் பாதையின் நீளம் வேறு வேறு. அதனால் டாப் டான்ஸில் காலைத் தட்டும் ஒரு சத்தம் ரெண்டு சத்தமாகக் கேட்டதாம். ஜான் ஹில்லியார்ட் தலைமையிலான குழு அந்தப் பாதைகளைச் சரிசெய்து புது சிஸ்டம் வடிவமைத்தது. அதற்கான டிரைவர்களைச் செய்து கொடுத்தவர் லான்சிங். இந்த ஷியரர் ஹார்ன் 1936-ல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது வாங்கியது.

வாட் குறைவு, சத்தம் அதிகம்: எப்படி?

அன்று பல தியேட்டர்களில் இருந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் கொடுத்தது 10, 20 வாட் அளவுதான். இன்று ஒரு சாதாரண ஹோம் தியேட்டர் பெட்டி மேலேயே இதைவிட பெரிய நம்பர் ஒட்டியிருக்கும். அந்தச் சின்ன பவரை வைத்து நூற்றுக்கணக்கான பேருக்குக் கேட்க வைக்கணும். அப்போ ஆம்ப் செய்ய முடியாத வேலையை ஸ்பீக்கர்தான் செய்யணும்.

கணக்கு சிம்பிள். 3 டெசிபல் சத்தம் கூட வேண்டும் என்றால் ஆம்ப் இரண்டு மடங்கு பவர் தரவேண்டும். 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 8 வாட் கொடுத்தால் வரும் சத்தத்தை, 85 டெசிபல் ஸ்பீக்கரில் கேட்க சுமார் 250 வாட் வேண்டும். ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் வாட்டை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

லான்சிங்கின் கைவண்ணம் வாய்ஸ் காயிலில் இருந்தது. உருண்டைக் கம்பியைச் சுற்றினால் இடையில் காலியிடம் விழும். தட்டையான ரிப்பன் கம்பியை விளிம்பில் நிறுத்திச் சுற்றினால் காந்த இடைவெளிக்குள் அதிக உலோகம் அடங்கும், தள்ளும் விசையும் கூடும். 1940-களின் கடைசியில் அவர் கொண்டுவந்த 15 இன்ச் டி130 ஸ்பீக்கரில் காயில் மட்டுமே 4 இன்ச் விட்டம்!

கேட்க எப்படி இருக்கும்? டிரம்பெட் சட்டென்று பாய்ந்து வரும், டிரம் அடி உடனே நிற்கும், பாடகர் ஒரு அடி முன்னால் வந்த மாதிரி இருக்கும். 300பி வால்வு ஒன்றே ஒன்று போட்ட 8 வாட் ஆம்ப் போதும். அதனால்தான் ஜப்பான் ரசிகர்கள் இந்தப் பழைய ஸ்பீக்கர்களை இன்னும் தேடி வாங்குகிறார்கள். குறையும் உண்டு. ஆம்ப்பின் லேசான 'உஸ்' இரைச்சல்கூட இதில் அப்பட்டமாகக் கேட்கும். ஹார்னுக்கே உரிய ஒரு குரல் சாயமும் இருக்கும், எல்லாருக்கும் அது பிடிக்காது. பவர் அதிகமான ஆம்ப்பைவிட, இரைச்சல் இல்லாத ஆம்ப்தான் இதற்கு ஜோடி.

இரண்டு முறை கைவிட்டுப் போன பெயர்

1939-ல் விமான விபத்தில் டெக்கர் இறந்தார். கணக்கு பார்க்க ஆளில்லாமல் கம்பெனி தள்ளாடியது. 1941 டிசம்பரில் ஆல்டெக் நிறுவனம் 50,000 டாலருக்கு அதை வாங்க, ஆல்டெக் லான்சிங் பிறந்தது. லான்சிங் அங்கே 5 வருட ஒப்பந்தத்தில் இன்ஜினியரிங் துணைத் தலைவர். புகழ்பெற்ற 604 டூப்ளெக்ஸ், தியேட்டர்களுக்கான வாய்ஸ் ஆஃப் த தியேட்டர் எல்லாம் அப்போது வந்தவை.

ஒப்பந்தம் முடிந்ததும் 1946-ல் வெளியேறி லான்சிங் சவுண்ட் என்று புதுக் கம்பெனி ஆரம்பித்தார். லான்சிங் என்ற பெயர் தங்களுடையது என்று ஆல்டெக் எதிர்த்தது. சொந்தப் பெயரைப் போட சொந்தக்காரருக்கே உரிமை இல்லை! கடைசியில் ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் என முழுப் பெயராக நீட்டி சமரசம் ஆனது.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தது, கம்பெனி கடனில் இருந்தது. 1949 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் இருந்த தன் பண்ணையில் லான்சிங் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கம்பெனியைக் காப்பாற்றியது அவர் எடுத்து வைத்திருந்த 10,000 டாலர் ஆயுள் காப்பீடு. பொறுப்பை எடுத்துக்கொண்ட வில்லியம் தாமஸ், அவர் மனைவியின் பங்கையும் வாங்கினார். 1950-களில் பெயர் பிரச்னை மறுபடி கிளம்ப, லான்சிங்கைச் சுருக்கி ஜேபிஎல் ஆக்கினார். டி130 எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்களுக்குள்ளும் போனது. 1969-ல் சிட்னி ஹார்மன் கைக்கு மாறிய ஜேபிஎல், 2017-ல் ஹார்மனோடு சேர்ந்து சாம்சங்கிடம் போனது. ஒரு காலத்தில் நம்மூர் கம்ப்யூட்டர் மேஜைகளில் இருந்த ஆல்டெக் லான்சிங் ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கா? அந்த லான்சிங்கும் இவர்தான்.