சோதனை விமானி சுரஞ்சன் தாஸ்

வானில் உயரப் பறக்கும்போதுதான் விமானிக்கு ஆபத்து நேரும் என்று பலரும் கருதுவர். தரையில் விரைந்தோடும் வேளையும் அதனினும் குறைந்த ஆபத்துடையதன்று. ஒகேனக்கல்லில் பரிசல் செலுத்துவோர் நீரின் போக்கை நன்கறிந்த பின்னரே துறையை விட்டு நீங்குவர். அங்ஙனமே, புதிய விமானத்தின் இயல்பைத் தரையிலேயே அறிந்து, அதன் பின்னர் வானில் செலுத்தியவர் சுரஞ்சன் தாஸ் ஆவார்.

இவர் 1920-ஆம் ஆண்டிற் பிறந்தார். இந்தியாவின் தலைமை நீதிபதியாக விளங்கிய சுதி ரஞ்சன் தாஸ் இவருடைய தந்தையார். தந்தையார் சட்டத்துறையிற் புகழ்பெற்றார். மைந்தரோ இந்திய விமானப் படையிற் சேர்ந்தார். இங்கிலாந்து சென்று, சோதனை விமானிகளுக்குரிய பயிற்சியையும் பெற்றார்.

அந்நாளில் பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், கூர்ட் டாங்கு என்னும் ஜெர்மானிய அறிஞரின் தலைமையில் போர் விமானமொன்று உருவாகி வந்தது. காற்றைக் குறிக்கும் 'மாருத்' என்னும் பெயர் அதற்கு இடப்பட்டது. முதலில் அதே வடிவில், பொறியில்லாத மர விமானமொன்றைச் செய்து 1959-இல் பறக்கவிட்டனர். அதனையும் தாஸ் செலுத்திச் சோதித்தார்.

புதிய விமானத்தை எடுத்தவுடன் வானில் ஏற்றுதல் கூடாது. முதலில் ஓடுபாதையில் மெல்ல ஓட்டுவர். பின்னர்ப் படிப்படியாக வேகத்தை மிகுவிப்பர். வேகம் மிகுந்தால் சிறகுகள் விமானத்தின் எடையைத் தாங்கத் தொடங்கும். சக்கரங்கள் தரையை அழுந்தப் பற்றா. ஆதலின் பிரேக்கின் பயனும் குறையும். கடுவேகத்தில் பிரேக்கை அழுத்தினால் அது பழுக்கக் காய்ந்து சக்கரம் வெடித்தலும் உண்டு. பாதையின் முடிவு நெருங்கிய பின் விமானம் மேலெழுமாயின் நிற்றலும் அரிது, பறத்தலும் அரிது. ஆகவே, எவ்விடத்தில் விசையைக் குறைப்பது என்பதை ஓடத் தொடங்குமுன்னரே விமானி உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

காட்சிக்காக ஓட்டப்படும் பழைய விமானங்களுக்கும் இவ்விதி பொருந்தும். 2009-இல் இங்கிலாந்தில், தரையில் மட்டுமே ஓட்டிக் காட்டக் கருதிய 'விக்டர்' என்னும் பழைய விமானமொன்று எதிர்பாராது மேலெழுந்தது. விசையைக் குறைக்க வேண்டிய நொடி தவறியதே அதற்குக் காரணம். நல்வாய்ப்பாக எவர்க்கும் ஊறு நேரவில்லை.

தரைச் சோதனைகள் முடிந்த பின், 1961 ஜூன் 17-ஆம் நாள் தாஸ் மாருத்தை வானில் ஏற்றினார். இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானம் அதுவே. அதன்பின் பல்லாண்டுகள் அதன் குறைகளைக் கண்டறிந்து களைய உதவினார்.

1970 ஜனவரி 10-ஆம் நாள், ஆற்றல் மிகுத்த புதிய மாருத் ஒன்றைச் சோதிக்கப் புறப்பட்டார். மேலெழும் வேளையில் விமானி அறையின் மூடி பூட்டு விலகியது, விமானம் வீழ்ந்தது, தாஸ் உயிர் துறந்தார். பல்லாயிரம் அடி உயரத்தில் வாராத முடிவு, மண்ணை விட்டு நீங்கும் நொடியில் வந்துற்றது.

மறு ஆண்டு நிகழ்ந்த போரில் மாருத் விமானங்கள் இராசத்தான் எல்லையில் நாட்டைக் காத்து நின்றன. பெங்களூரில் அத்தொழிற்சாலையை அடுத்துள்ள சாலை இன்றும் தாஸின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

துணிவு என்பது ஆபத்தை எண்ணாமை அன்று. அதனை முன்னரே எண்ணிப் பார்த்துச் செயலிற் புகுதலாகும். அவ்வாறு புகுந்தவர்க்கும் ஒரு சிறு பூட்டு உயிர்க்கு இறுதியாயிற்று. ஆதலின், எத்தொழிலிலும் சிறியது என்று எதனையும் இகழாதிருத்தல் நம் கடனாகும்.