அசைவின் பொருள் கண்டவர்

எதிரே அமர்ந்திருப்பவர் வாய்திறக்குமுன் அவரது கை பேசிவிடுவதை அலுவலகத்திலே பலமுறை கண்டிருக்கிறேன். அப்பொழுதெல்லாம் ருடோல்ப் லாபனையே நினைத்துக்கொள்வேன்.

இன்று பிராட்டிஸ்லாவா எனப்படும் நகரிலே, 1879இல், படை அதிகாரி ஒருவரின் மைந்தராகப் பிறந்தார் அவர். நடனத்தையே வாழ்வாக வரித்தார். அசைவுகளைக் குறியீடுகளாற் பொறிக்கும் முறையை 1928இல் வெளியிட்டார். ஜேர்மனியில் நாஸி அரசின் கீழும் பதவி வகித்தமை அவர் வாழ்விற் படிந்த கறை. 1936இல், ஒலிம்பிக் விழாவுக்கென ஏறக்குறைய ஆயிரம் பேரைக்கொண்டு அவர் அமைத்த ஆடலை அமைச்சர் கோயபல்ஸ் தடைசெய்தார். 1938இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

யுத்தகாலத்தில், நிர்வாக ஆலோசகர் லோறன்சுடன் தொழிற்சாலைகளுக்குச் சென்று, கைவலிமையால் மட்டுமன்றி வீச்சின் வேகத்தாலும் பாரந்தூக்கப் பெண்களுக்குக் கற்பித்தார். பாரம், வெளி, காலம், ஓட்டம் என்னும் நான்கையும் ஒவ்வொருவரும் தத்தமக்கே உரிய வகையிற் கையாளுவதைக் கண்டார். காலத்தை ஒருவர் கையாளும் வகையிலே அவர் முடிவெடுக்கும் இயல்பும் புலப்படும் என்பது அவர் கொள்கை. மாணவர் வொறன் லாம் இதனை நிர்வாகிகளை ஆராயும் முறையாக வளர்த்தார்.

1958இல் லாபன் மறைந்தார். ஆயிரவரை ஒருசேர அசைத்தவர், ஈற்றில் ஒரு தொழிலாளியின் தனியசைவை உற்றுநோக்கினார். அதனையே அவரது பெருமையென நான் கொள்வேன்.